இலக்க இடமாற்றத் தொடர்வரிசைகளும் அடிமானமும்: ஹார்டியின் தீர்ப்பு குறித்த ஒரு வரலாற்று மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் எண்ணின் இலக்கங்களை இடம் மாற்றியோ தலைகீழாக்கியோ பெறப்படும் முழு எண் தொடர்வரிசைகள் நெடுங்காலமாகப் பொழுதுபோக்குக் கணிதத்தின் பகுதியாகவே கருதப்பட்டு வந்துள்ளன. இவ்வகை உண்மைகள் பொதுமைப்படுத்தலுக்கு இடந்தராதவை என்று 1940-இல் ஜி. எச். ஹார்டி வழங்கிய தீர்ப்பு இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. அத்தீர்ப்பை, அதன்பின் வந்த ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆய்வுகளின் வெளிச்சத்தில் இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. கப்ரேக்கரின் 6174, திருப்ப மடங்கு எண்கள், 196 சிக்கல் ஆகிய மூன்றும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அடிமானம் பத்து என்னும் கட்டு நீக்கப்பட்டு, அடிமானமே ஒரு மாறியாகக் கருதப்பட்ட நிலையில்தான் இத்துறை பொதுமை பெற்றது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அடிமானம், இலக்கத் திருப்பம், தொடர்வரிசை, கப்ரேக்கர் மாறிலி, மாலைமாற்று எண், கணித வரலாறு.

1. முன்னுரை

இலக்கங்களை இடம் மாற்றுதல் என்னும் செயல் எண்ணின்மீது நிகழ்வதன்று. எண்ணை எழுதும் முறையின்மீது நிகழ்வது. பன்னிரண்டு என்னும் அளவை எந்த முறையில் எழுதினாலும் அது மூன்றாலும் நான்காலும் வகுபடும். ஆனால் அதன் இலக்கங்களைத் திருப்பினால் என்ன கிடைக்கும் என்ற வினாவுக்கு எழுதும் முறையைச் சொல்லாமல் விடையளிக்க இயலாது. இடமதிப்பு முறையில் பத்தடிமானத்தில் 12 என்பது 21 ஆகும். ஐந்தடிமானத்தில் அதே அளவு 22 என்று எழுதப்படுவதால் திருப்பினாலும் மாறாது. பழந்தமிழ் எண் குறியீட்டில் பன்னிரண்டு ‘௰௨’ என எழுதப்படும். அக்குறிகளை இடம் மாற்றினால் ‘௨௰’, அதாவது இருபது கிடைக்கும். பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் கொண்ட அம்முறையில் இடமாற்றம் வேறொரு கணக்காகிவிடுகிறது.

எழுதும் முறையைச் சார்ந்த இப்பண்பே இத்துறையின் மதிப்பைப் பற்றிய ஐயத்திற்கு அடிப்படையாக அமைந்தது. எண்ணின் இயல்பை ஆராய்வது எண் கோட்பாடு. பத்து விரல்களின் தற்செயலால் நிலைபெற்ற ஒரு குறியீட்டின் விளைவுகளை ஆராய்வது விளையாட்டு என்று பிரித்துக் காணும் போக்கு கணிதவியலாளரிடையே நிலவியது. அப்பிரிவினை எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

2. ஹார்டியின் தீர்ப்பு

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி 1940-இல் வெளியிட்ட ‘ஒரு கணிதவியலாளரின் தன்னிலை விளக்கம்’ என்னும் பொருள்படும் நூலில், ஆழமான தேற்றத்திற்கும் வெறும் வியப்புச் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ரவுஸ் பாலின் பொழுதுபோக்குக் கணித நூலிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தருகிறார். அவற்றுள் ஒன்று, தம் திருப்ப எண்ணின் முழு மடங்காக அமையும் நான்கிலக்க எண்கள் 8712, 9801 ஆகிய இரண்டு மட்டுமே என்பது. 8712 = 4 × 2178; 9801 = 9 × 1089.

இத்தகைய செய்திகள் நாளிதழ்ப் புதிர்ப்பகுதிக்கு ஏற்றவை. கணிதவியலாளரை ஈர்க்க அவற்றில் ஏதுமில்லை என்பது ஹார்டியின் கருத்து. அதற்கு அவர் காட்டும் காரணமே இங்கு முதன்மையானது. கூற்றும் நிறுவலும் மிகக் குறுகிய தனித்தன்மை உடையவை; குறிப்பிடத்தக்க பொதுமைப்படுத்தலுக்கு அவை இடந்தருவதில்லை என்கிறார் அவர். இதுவே மிக முக்கியமான காரணம் ஆகாமல் இருக்கலாம் என்றும் அவரே சேர்த்துச் சொல்கிறார்.

ஆகவே ஹார்டியின் தீர்ப்பில் இரு கூறுகள் உள்ளன. பொதுமைப்படுத்த இயலாமை முதற்கூறு. அது சரிபார்க்கத்தக்க கணிதக் கூற்று. கணிதத்தின் பிற பகுதிகளோடு ஆழமான தொடர்பின்மை இரண்டாவது கூறு. அது மதிப்பீடு சார்ந்தது. பின்னாளில் ஹார்டியை மேற்கோளாகக் கொண்டோர் இவ்விரண்டையும் பிரித்துக் காணவில்லை.

3. கப்ரேக்கர்: தனியுண்மையிலிருந்து மீள்செயலுக்கு

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் 1905-இல் மும்பைக்கு வடக்கேயுள்ள தகாணுவில் பிறந்தார். புனே பெர்கூசன் கல்லூரியில் பயின்றபோது 1927-இல் ராங்லர் பராஞ்சபே கணிதப் பரிசைப் பெற்றார். 1929-இல் இளநிலைப் பட்டம் பெற்றார். முதுநிலைப் படிப்பு மேற்கொள்ளவில்லை. 1930 முதல் 1962 வரை நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, 1986-இல் மறைந்தார்.

அவருடைய பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு 1946-இல் நிகழ்ந்தது. 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அதனை அவர் அறிவித்தார். நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ‘ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகா’ இதழில் 1953-இல் இலக்கத் திருப்பச் சிக்கல்கள் குறித்த கட்டுரையில் அது வெளியாயிற்று. நான்கு இலக்கங்களும் ஒன்றாக அமையாத ஓர் எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். கிடைத்த விடையின்மீது அதே செயலைத் தொடர வேண்டும். 3524 என்னும் எண்ணில் தொடங்கினால்,

5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174
7641 − 1467 = 6174

என்று தொடர்வரிசை 6174-இல் நிலைபெறுகிறது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இதே முடிவு கிட்டும்.

இதன் காரணம் எளிய இயற்கணிதத்தில் அடங்கும். இறங்குவரிசையில் இலக்கங்கள் ப, ம, ய, ர எனின், கழித்தலின் விடை 999(ப − ர) + 90(ம − ய) ஆகும். விடை நான்கு இலக்கங்களையும் சார்ந்ததன்று. இரண்டு வேறுபாடுகளை மட்டுமே சார்ந்தது. முதல் வேறுபாடு 1 முதல் 9 வரையும், இரண்டாவது 0 முதல் முதல் வேறுபாடு வரையும் அமையலாம் என்பதால் மொத்தம் 54 விடைகளே உண்டு. முன்னிலைச் சுழியங்களையும் சேர்த்து எண்ணும்போது கிடைக்கும் 9990 தொடக்க எண்களும் முதற்படியிலேயே 54-ஆகச் சுருங்கிவிடுகின்றன. முதல் வேறுபாடு 6, இரண்டாவது 2 என்னும் நிலையில் 5994 + 180 = 6174.

வரலாற்று நோக்கில் இங்கு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் தகும். ஹார்டி சுட்டிய 8712 ஒரு தனியுண்மை, கண்டறிந்தவுடன் முடிந்துவிடுவது. கப்ரேக்கர் முன்வைத்தது ஒரு மீள்செயல். மீள்செயல் உடனே புதிய வினாக்களை எழுப்பும் இயல்புடையது. எல்லா எண்களும் ஒரே இடத்தில் முடிகின்றனவா? சுழலில் சிக்குகின்றனவா? இலக்க எண்ணிக்கை மாறினால் என்ன ஆகும்? இரண்டு இலக்கங்களில் 63, 27, 45, 09, 81 என்னும் ஐந்துறுப்புச் சுழல் கிடைக்கிறது. மூன்று இலக்கங்களில் 495 என்னும் மாறிலி கிடைக்கிறது. ஐந்து இலக்கங்களில் மாறிலியே இல்லை. 53955, 59994 போன்ற சுழல்களே உள்ளன. ஆறு இலக்கங்களில் 549945, 631764 என இரண்டு நிலைப்புள்ளிகளும் ஒரு சுழலும் உள்ளன. கப்ரேக்கரின் பங்களிப்பைத் தேற்றங்களைக் கொண்டு அளப்பதைவிட, வினா எழுப்பும் வடிவத்தை மாற்றியமைத்ததைக் கொண்டு அளப்பதே பொருந்தும்.

4. அடிமானம் மாறியாதல்

1975 மார்ச்சில் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் கப்ரேக்கரைப் பற்றி எழுதிய பின்னர் அவர் பெயர் உலகளவில் பரவியது. மூன்றாண்டுகளில் நிகழ்ந்த மற்றொரு வெளியீடு பொதுவெளியில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1826-இல் தொடங்கப்பட்ட கிரெல்லின் கணித இதழில், நான்கிலக்கக் கப்ரேக்கர் மாறிலிகள் அனைத்தையும் தீர்மானிக்கும் கட்டுரையை 1978-இல் ஹெல்முட் ஹாசேயும் பிரிச்செட்டும் எழுதினர். ஹாசே இருபதாம் நூற்றாண்டு இயற்கணித எண் கோட்பாட்டின் முன்னணி அறிஞர்களுள் ஒருவர். அவ்விதழின் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கியவர். கணித வாழ்வின் இறுதிக் கட்டத்தில் அவர் இச்சிக்கலைக் கையிலெடுத்தது, சிக்கலின் வடிவம் மாறிவிட்டதைக் காட்டுகிறது. இப்போது வினா ‘6174 ஏன்?’ என்பதன்று, ‘எந்தெந்த அடிமானங்களில் எல்லா எண்களும் ஒரே மாறிலியில் சென்று முடியும்?’ என்பது.

இம்மாற்றத்தின் பயனை எளிய கணக்காலேயே உணரலாம். அடிமானம் 5க என்னும் வடிவில் அமைந்தால், 3க, க − 1, 4க − 1, 2க ஆகியவற்றை இதே முறையில் இலக்கங்களாகக் கொண்ட எண் ஒரு நிலைப்புள்ளி ஆகும். இறங்குவரிசையில் அவ்விலக்கங்கள் 4க − 1, 3க, 2க, க − 1 என அமைகின்றன. வெளி வேறுபாடு 3க. உள் வேறுபாடு க. கழித்தலின் விடை மீண்டும் அதே நான்கு இலக்கங்களைத் தருகிறது. க = 2 எனின் 6, 1, 7, 4. க = 1 எனின் ஐந்தடிமானத்தில் 3032. ஆக, 6174 தனித்து நிற்கும் எண்ணன்று. முடிவிலாக் குடும்பம் ஒன்றின் உறுப்பினர். எனினும் நிலைப்புள்ளி இருப்பது வேறு; எல்லா எண்களும் அங்கே வந்து சேர்வது வேறு. இரண்டாவதே கடினமான பகுதி.

மூன்று இலக்கங்களில் நிலைமை மேலும் தெளிவானது. அடிமானம் இரட்டை எண் எனில் மாறிலி உண்டு. அதன் இலக்கங்கள் அடிமானத்தின் பாதியிலிருந்து ஒன்று குறைந்தது, அடிமானத்தில் ஒன்று குறைந்தது, அடிமானத்தின் பாதி என அமையும். பத்துக்கு அவை 4, 9, 5. அடிமானம் ஒற்றை எண் எனில் இரண்டுறுப்புச் சுழல் தோன்றும். ஐந்தடிமானத்தில் 143, 242 ஆகியவை ஒன்றையொன்று மாறிமாறித் தருகின்றன. மூன்றிலக்க எண்களின் ஒருங்கலையும் சுழலையும் எல்லா அடிமானங்களுக்கும் தீர்மானிக்கும் ஆய்வை 1988-இல் எல்ட்ரிட்ஜ், சாகோங் ஆகியோர் ‘அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மந்த்லி’ இதழில் வெளியிட்டனர். அதற்கு முன்பே 1981-இல் பிரிச்செட், லூடிங்டன், லாப்பெண்டா ஆகிய மூவரும், பத்தடிமானத்தில் கப்ரேக்கர் மாறிலிகள் 495, 6174 ஆகிய இரண்டு மட்டுமே என்று நிறுவியிருந்தனர். பத்தைப் பற்றிய இறுதி விடையும் பத்துக்கு அப்பால் சென்ற ஆய்வுச் சூழலில்தான் கிடைத்தது என்பது நோக்கத்தக்கது.

5. திருப்ப மடங்குகள்: ஹார்டியின் எடுத்துக்காட்டே சான்றாதல்

ஹார்டி பொதுமையற்றதெனக் கருதிய 9801-ஐ இனி நோக்கலாம். அடிமானத்தை ‘அ’ எனக் கொள்வோம். 1, 0, அ − 2, அ − 1 ஆகியவற்றை இதே முறையில் இலக்கங்களாகக் கொண்ட எண்ணின் மதிப்பு (அ + 1)(அ² − 1). இதனை அ − 1-ஆல் பெருக்கினால் (அ² − 1)², அதாவது அ⁴ − 2அ² + 1 கிடைக்கும். இதன் இலக்கங்கள் அ − 1, அ − 2, 0, 1. இது முதல் எண்ணின் திருப்பமே. அ = 10 எனின் 1089 × 9 = 9801. மூன்றடிமானத்தில் 1012 × 2 = 2101. மூன்றும் அதற்கு மேலுமான எல்லா அடிமானங்களிலும் இம்முற்றொருமை பொருந்தும். 2178-உம் இவ்வாறே, ஆறும் அதற்கு மேலுமான எல்லா இரட்டை அடிமானங்களிலும் அதற்கு இணையான எண் உண்டு. அங்கே பெருக்கும் எண் அடிமானத்தின் பாதியில் ஒன்று குறைந்தது.

இச்சிக்கலைப் பொது அடிமானத்தில் வைத்து 1966-இல் ஆலன் சட்கிளிஃப் ஆராய்ந்தார். 1992-இல் ஆன் லூடிங்டன் யங், ‘ஃபிபொனாச்சி குவார்ட்டர்லி’ இதழில் வெளியிட்ட இரு கட்டுரைகளில், எல்லாத் திருப்ப மடங்குகளையும் கண்டறிய மரவடிவ அமைப்பு ஒன்றை அறிமுகப்படுத்தினார். எண்ணின் இரு முனைகளிலிருந்தும் இலக்கங்களை இணைஇணையாக எடுத்து, பெருக்கலின்போது அடுத்த இடத்திற்கு ஏறும் எண்ணைக் கணுக்களில் குறிப்பது அம்முறை. கப்ரேக்கர் மாறிலி ஆய்வில் முன்னர்க் கண்ட லூடிங்டனே இவர். கப்ரேக்கரின் எண்ணையும் ஹார்டி ஒதுக்கிய எண்ணையும் ஒரே ஆய்வாளரின் பணி இணைக்கிறது.

2014-இல் அதே இதழில் வெளியான கட்டுரையில் நீல் ஸ்லோன் இம்மரங்களைச் சற்றே மாற்றி ‘யங் வரைபடங்கள்’ எனப் பெயரிட்டார். 2 முதல் 100 வரையிலான அடிமானங்களில் எந்தப் பெருக்கெண்கள் அமையக்கூடும் என்பதைத் தீர்மானித்தார். குறிப்பிட்ட இலக்க எண்ணிக்கையில் இத்தகைய எண்கள் எத்தனை உள்ளன என்பதைக் கணக்கிடும் வழியையும் காட்டினார். பத்தடிமானத்தில் 2178 வகையைச் சேர்ந்த எண்களை நான்கிலக்கத்திலிருந்து எண்ணினால் 1, 1, 1, 1, 2, 2, 3, 3, 5, 5 என ஃபிபொனாச்சி எண்கள் இரட்டித்து வருகின்றன. நாளிதழ்ப் புதிராக நின்ற ஓர் எண், வரைபடக் கோட்பாட்டிற்கும் எண்ணிடல் முறைக்கும் வழி திறந்திருக்கிறது.

6. மாலைமாற்று எண்களும் 196 சிக்கலும்

அடிமானத்தை மாற்றுவதால் பொதுமை மட்டுமன்றி உறுதியும் கிடைக்கும் என்பதற்கு மூன்றாவது சான்று உண்டு. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கத்தக்க செய்யுளைத் தமிழ்ச் சித்திரகவி மரபு மாலைமாற்று என்று வழங்கும். அவ்வியல்புடைய எண்ணை மாலைமாற்று எண் எனலாம். ஓர் எண்ணோடு அதன் திருப்பத்தைக் கூட்டி, விடையின்மீது அதே செயலைத் தொடர்ந்தால் பெரும்பாலான சிறிய எண்கள் விரைவில் மாலைமாற்று எண்ணை அடைகின்றன. 89 என்னும் எண் 24 படிகளுக்குப் பின் 8813200023188-ஐ அடைகிறது. ஆனால் 196, 887, 1675, 7436, 13783 எனச் செல்லும் தொடர்வரிசை இன்றுவரை மாலைமாற்று எண்ணை எட்டவில்லை. 1987-இல் ஜான் வாக்கர் தொடங்கிய கணிப்பொறிக் கணக்கீடு 1990-இல் பத்து இலட்சம் இலக்கங்களைத் தொட்டு நின்றது, விடை கிட்டவில்லை. எட்டவே எட்டாது என்பதற்கான நிறுவலும் பத்தடிமானத்தில் இல்லை.

ஈரடிமானத்தில் இச்சிக்கலுக்குத் தெளிவான விடை உண்டு. 22-இன் ஈரடிமான வடிவமான 10110-இல் தொடங்கினால் நான்கு படிகளில் 10110100 கிடைக்கிறது. அடுத்த நான்கு படிகளில் 1011101000 கிடைக்கிறது. ஒவ்வொரு நான்கு படிக்கும் இடையே ஓர் ஒன்றும் இறுதியில் ஒரு சுழியமும் கூடி, அதே வடிவம் திரும்ப வருகிறது. இடைப்பட்ட படிகளும் இவ்வாறே கணிக்கத்தக்க வடிவம் உடையவை. அவற்றுள் எதுவும் மாலைமாற்று அன்று. எனவே இத்தொடர்வரிசை ஒருபோதும் மாலைமாற்று எண்ணை அடையாது. ஈரடிமானத் திருப்பக் கூட்டல் குறித்து 1969-இல் ஆல்ஃபிரட் புரூசோ ‘மேத்தமேட்டிக்ஸ் மேகசின்’ இதழில் எழுதினார். பத்தடிமானத்தில் இலட்சக்கணக்கான படிகளாலும் தர இயலாத உறுதியை ஈரடிமானத்தில் நான்கு படிகளின் அமைப்பு தந்துவிடுகிறது.

7. தொகுப்பும் வகைப்பாடும்

இவ்வெண்கள் இன்று முழு எண் தொடர்வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றுள்ளன. அதன் வித்து, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்தபோது ஸ்லோன் 1964-இல் தொடங்கிய சேகரிப்பு. 1973-இல் 2372 தொடர்வரிசைகளுடன் நூலாகவும், 1995-இல் சைமன் ப்ளூஃபுடன் இணைந்து 5487 தொடர்வரிசைகளுடன் விரிவான நூலாகவும் அது வெளிவந்தது. 1996 முதல் இணையத்தில் உள்ளது.

எழுதும் அடிமானத்தைச் சார்ந்த தொடர்வரிசைகளுக்கு இக்களஞ்சியத்தில் தனிக் குறிச்சொல் ஒன்று இடப்படுகிறது. ஹார்டியின் பிரிவினை இங்கும் தொடர்கிறது. ஆனால் அதன் பணி மாறியிருக்கிறது. அன்று ஒதுக்குவதற்குப் பயன்பட்ட கோடு, இன்று வகைப்படுத்துவதற்குப் பயன்படுகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிபுகளை வரையறுக்கலாம்.

முதலாவதாக, இலக்க இடமாற்ற ஆய்வின் வரலாறு தனியுண்மை, மீள்செயல், மாறியாகிய அடிமானம் என்னும் மூன்று நிலைகளில் வளர்ந்துள்ளது. முதல் நிலையை மட்டுமே கண்ணுற்ற ஹார்டியின் தீர்ப்பைப் பின்னிரு நிலைகளுக்கும் நீட்டித்தல் பொருந்தாது.

இரண்டாவதாக, அத்தீர்ப்பின் முதற்கூறு, அதாவது பொதுமைப்படுத்த இயலாது என்பது, அவர் காட்டிய எடுத்துக்காட்டிலேயே தவறாகிறது. இரண்டாவது கூறு, அதாவது கணிதத்தின் பிற பகுதிகளோடு ஆழமான தொடர்பில்லை என்பது, இன்னும் முழுமையாக மறுக்கப்படவில்லை. யங் வரைபடங்கள் ஒரு தொடக்கத்தைக் காட்டுகின்றன. அவற்றின் அமைப்பே இன்னும் சரிவரப் புரிந்துகொள்ளப்படவில்லை என்று ஸ்லோன் குறிப்பிடுகிறார். ஹார்டியை மறுப்போர் இதனை மறைத்துப் பேசலாகாது.

மூன்றாவதாக, கப்ரேக்கரைப் பற்றிய எழுத்துகள் இரு முனைகளில் நிற்கின்றன. ஒருபுறம் பள்ளி ஆசிரியரின் பொழுதுபோக்கு என்னும் புறக்கணிப்பு. மறுபுறம் ‘மாய எண்’ என்னும் வியப்புரை. இரண்டும் 6174-ஐ ஒரு தனி எண்ணாகவே நிறுத்திவிடுகின்றன. சென்னை மாநாட்டில் 1949-இல் அறிவிக்கப்பட்ட ஒரு செயல்முறை, 1978-இல் ஹாசேயின் கைகளில் எல்லா அடிமானங்களுக்கும் உரிய சிக்கலாக விரிந்தது என்பதே அவர் பணிக்குரிய சரியான வரலாற்று இடம். மாய எண் என்று சொல்லும்போது விளக்கம் நின்றுவிடுகிறது. ‘பத்துக்குப் பதிலாக வேறோர் அடிமானம் எனில்?’ என்று கேட்கும்போது அது தொடங்குகிறது. கல்லூரி வகுப்பறையில் 6174-ஐ அறிமுகப்படுத்துவோர் இவ்வினாவையும் சேர்த்தே அறிமுகப்படுத்துவது, வியப்பிலிருந்து நிறுவலுக்கு மாணவரை இட்டுச்செல்லும் வழியாகும்.